விக்டோரியா காலக் கவிஞர்கள்: ஒரு முஸ்லிம் வாசகனின் குறிப்புகள்

உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மாணவி எழும்பி நின்று, "சேர், உமர் கையாம் குடிகாரரா?" எண்டு கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுடைய வாப்பா கணித ஆசிரியர். முப்படிச் சமன்பாடுகளைத் தீர்த்த முஸ்லிம் மேதை எண்டு வாப்பா சொல்லிக்கொடுத்த ஆளும், கோப்பையும் கையுமாக ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கிற ஆளும் ஒருவர்தானா என்பதே அவளுடைய சந்தேகம். அன்றைக்கு மணி அடித்துவிட்டது. நானும் அரைகுறையாக ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். இந்தக் கட்டுரை அந்தப் பதிலின் மிச்சம்.

விக்டோரியா காலக் கவிஞர்கள் என்றால் நம் பிள்ளைகள் டெனிசன், பிறவுனிங், ஆர்னோல்ட் என்று மூன்று பெயரைப் பாடமாக்குவார்கள். பெயருக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று நூல்களும் வருஷங்களும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் இந்தக் கவிஞர்களின் மேசையில் அரபு, பாரசீக நூல்களின் மொழிபெயர்ப்புகளும் கிடந்தன என்பதை நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து அவர்களை வாசித்துப் பார்ப்பதுதான் என் நோக்கம்.

விக்டோரியா மகாராணி 1837 முதல் 1901 வரை ஆண்டார். ரயில் வந்தது, ஆலைப் புகை வந்தது, சாம்ராஜ்யம் விரிந்தது. இவற்றைவிடக் கவிஞர்களை அலைக்கழித்தது ஈமானின் தள்ளாட்டம். 1830 தொடக்கம் சார்ள்ஸ் லையெல் எழுதிய புவியியல் நூல்கள், பூமியின் வயது ஆறாயிரம் ஆண்டுகள் என்ற பாதிரிமாரின் கணக்கைக் கேள்விக்குள்ளாக்கின. 1859இல் டார்வினின் நூல் வந்தது. தேவாலயத்துக்குப் போய்க்கொண்டே உள்ளுக்குள் சந்தேகப்பட்ட ஒரு தலைமுறை அது. அந்தச் சந்தேகத்தை மறந்துவிட்டு இவர்களை வாசித்தால் வெறும் ஓசைதான் மிஞ்சும்.

டெனிசனிலிருந்து தொடங்குவோம். 1809இல் லிங்கன்ஷயரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்த உயிர்த் தோழன் ஆர்தர் ஹாலம். டெனிசனின் தங்கைக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மாப்பிள்ளையும் அவரே. 1833 செப்டெம்பரில் வியன்னா நகரில், 22 வயதில், ஹாலம் திடீரென மௌத்தானார். மையித்து கப்பலில் இங்கிலாந்துக்கு வந்தது. அந்த இழப்பிலிருந்து டெனிசன் எழுத ஆரம்பித்தது ஒரு பாட்டல்ல, பதினேழு வருஷத் துக்கம். முன்னுரைப் பாடலும் முடிவுரைப் பாடலும் நீங்கலாக 131 பகுதிகள். 1850இல் ஆசிரியர் பெயர் இல்லாமலே 'இன் மெமோரியம்' வெளிவந்தது. அதே வருஷம் அவருக்குக் கல்யாணமும் நடந்தது, வேர்ட்ஸ்வேர்த்துக்குப் பிறகு அரசவைக் கவிஞர் பதவியும் கிடைத்தது. அந்தப் பதவியில் 42 வருஷம், மௌத்தாகும் வரை, இருந்தார்.

நம்மிடம் மர்ஸியா உண்டு, தமிழில் கையறுநிலை உண்டு. ஆகவே இரங்கற்பா நமக்குப் புதிதல்ல. புதிது என்னவென்றால், இவர் ஒரு முடிவோடு அழ உட்காரவில்லை. ஒரு பகுதியில் நம்பிக்கை வரும், அடுத்ததில் போய்விடும். பாறைக்குள் கல்லாகிக் கிடக்கும் அழிந்த உயிரினங்களைப் பார்த்து, இயற்கைக்கு ஓர் இனமே அழிவதும் பொருட்டில்லை என்றால் என் நண்பன் எம்மாத்திரம் என்று பதறுகிறார். இதை எழுதும்போது டார்வினின் நூல் வரவில்லை என்பதைக் கவனிக்கவும். செய்யுள் அமைப்பும் இந்த மனநிலைக்கு ஏற்றது. நான்கு அடியில் நடு அடிகள் இரண்டும் தமக்குள் இயைய, முதல் அடியின் ஓசை நாலாம் அடியில்தான் திரும்பி வரும். வாசலைத் தாண்டிப் போக வெளிக்கிட்டவன் மறுபடி அதே வாசலில் வந்து நிற்பது மாதிரி. இடையில் மூன்று நத்தார்ப் பண்டிகைகள் வருகின்றன. பண்டிகை நாளில் வெறுமையாகக் கிடக்கும் ஓர் இருக்கையை யார்தான் அறியமாட்டார்கள்? பெருநாள் அன்று கப்ரடிக்குப் போய்வந்த எவருக்கும் இந்தப் பகுதிகளுக்கு உரை தேவையில்லை. 1861இல் கணவரை இழந்த விக்டோரியா ராணி இந்த நூலில்தான் ஆறுதல் தேடினார். அடுத்த வருஷம் கவிஞரை அழைத்துச் சந்தித்தார்.

டெனிசனுக்குக் கிழக்கத்திய நூல்கள் சின்ன வயசிலேயே பழக்கம். ஆயிரத்தொரு இரவுகளைப் பற்றி 1830இலேயே ஒரு கவிதை எழுதி, ஹாரூன் அல் ரஷீதின் பக்தாதில் படகோட்டிப் பார்த்தவர். 1842இல் வந்த 'லொக்ஸ்லி ஹோல்' என்ற புகழ்பெற்ற கவிதைக்கு எண்ணம் கிடைத்தது முஅல்லகாத்திலிருந்து என்று அவரே சொல்லியிருக்கிறார். சேர் வில்லியம் ஜோன்ஸ் 18ஆம் நூற்றாண்டில் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை அவர் வாசித்திருந்தார். மத்ரஸாவில் அரபு இலக்கியம் படித்தவர்களுக்கு இம்ரஉல் கைஸின் கஸீதா எப்படித் தொடங்கும் என்பது தெரியும். காதலி இருந்து பெயர்ந்த கூடாரத் தடத்தில் தோழர்களை நிறுத்திவைத்துப் புலம்புவது. டெனிசனின் நாயகனும் தோழர்களைச் சற்றே விலகச் சொல்லிவிட்டு, பழைய காதல் நடந்த இடத்தில் தனியே நிற்கிறான். பாலைவனம் போய் ஆங்கிலக் கடற்கரை வந்திருக்கிறது, அவ்வளவுதான். பிறகு அந்த நாயகன் கிழக்கு நாட்டு மனிதரைப் பற்றி இழிவாகவும் பேசுகிறான். வாங்கிய இடத்தையே தாழ்த்துகிற இந்தக் குணத்தை இந்தக் காலத்தவர்களிடம் திரும்பத் திரும்பக் காணலாம்.

ரொபர்ட் பிறவுனிங் (1812–1889) வேறு வார்ப்பு. பல்கலைக்கழகப் படிப்பை நீடிக்காதவர், வாப்பாவின் நூலகத்திலேயே வளர்ந்தவர். 1840இல் வெளியிட்ட 'சோர்டெல்லோ' யாருக்கும் விளங்கவில்லை. அந்தக் கெட்ட பெயர் கனகாலம் அவரை விட்டுப் போகவில்லை. அவருடைய பெரிய பங்களிப்பு நாடகத் தனிமொழி என்ற வடிவம். இதை நம் மாணவர்களுக்கு விளக்க ஒரு சுலபமான வழி உண்டு. சங்க அகப்பாட்டில் தலைவி கூற்று, தோழி கூற்று என்று வருமே, கவிஞன் மறைந்துவிட ஒரு பாத்திரம் இன்னொருவரைப் பார்த்துப் பேசும், அதைப் போன்றது. ஆனால் சங்கத் தலைவி தன் மனதை நமக்குக் காட்டவே பேசுகிறாள். பிறவுனிங்கின் ஆட்களோ தம்மை மறைக்கப் பேசி மாட்டிக்கொள்கிறார்கள். 1842இல் வந்த 'மை லாஸ்ட் டச்சஸ்' வெறும் 56 அடிதான். இத்தாலியப் பிரபு ஒருவர் வீட்டுக்கு வந்த தூதருக்குத் தன் இறந்த மனைவியின் ஓவியத்தைக் காட்டிப் பெருமை பேசுகிறார். அவள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாளாம், தன் பரம்பரைப் பெயரின் மதிப்புத் தெரியவில்லையாம். பேச்சு போகிற போக்கில் அவளைக் கொல்வித்தவர் இவரே எண்டு நமக்கு உறைக்கிறது. அவருக்கோ ஒன்றும் உறைக்கவில்லை. வந்த தூதர் அடுத்த கல்யாணம் பேச வந்தவர்!

அவருடைய பெரிய நூல் 'தி ரிங் அன்ட் த புக்' (1868–69). புளோரன்ஸ் சந்தையில் ஒரு லீராவுக்கு வாங்கிய பழைய மஞ்சள் கட்டில், 1698இல் ரோமில் நடந்த ஒரு கொலை வழக்கின் தாள்கள் இருந்தன. அதை வைத்து ஒரே கொலையைப் பல வாய்களால் சொல்லவைத்து, பன்னிரண்டு பாகமாக, இருபதினாயிரம் அடிக்கு மேல் எழுதினார். முழுவதையும் வாசித்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். கொலையுண்ட பெண் பொம்பிலியா பேசும் பாகம் போதும், நூலின் உயரம் தெரிய.

நம் வாசகருக்கு நான் அதிகம் சிபாரிசு செய்வது பிறவுனிங் 1880இல் எழுதிய 'முலேய்க்கே'. ஹுஸைன் என்ற ஏழை அரபிக்கு உலகத்தில் ஒரே செல்வம் அந்தப் பெண் குதிரை. எவ்வளவு விலை கொடுத்தாலும் விற்கமாட்டான். ஓர் இரவு கள்ளன் அவளை ஓட்டிக்கொண்டு போகிறான். ஹுஸைன் அவளுடைய தங்கைக் குதிரையில் துரத்துகிறான். ஒருபோதும் தோற்காத முலேய்க்கே அன்று பின்னடைகிறாள். ஏனென்றால் புதியவனுக்கு அவளை முடுக்கும் குறிப்புத் தெரியாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எட்டிப் பிடித்துவிடலாம். அந்த இடத்தில் ஹுஸைன் என்ன செய்கிறான் தெரியுமா? காதைத் தொடு, காலால் அழுத்து என்று கள்ளனுக்கே கத்திச் சொல்லிக்கொடுக்கிறான். அவள் பறந்துவிடுகிறாள். ஊர் அவனைப் பைத்தியம் என்கிறது. அவள் கைக்குக் கிடைப்பதைவிட அவள் தோற்காமல் இருப்பது அவனுக்குப் பெரிதாகப் பட்டது. அரபியரைக் கள்ளராகவும் மூர்க்கராகவும் காட்டும் எழுத்துகள் மலிந்த காலத்தில் இப்படியும் ஒரு கவிதை.

பிறவுனிங்கின் மனைவி எலிசபெத் பாரெட் கணவரைவிட ஆறு வயது மூத்தவர். கல்யாணக் காலத்தில் கணவரைவிடப் புகழும் பெற்றவர். நோயாளி. எந்தப் பிள்ளையும் கல்யாணம் முடிக்கக் கூடாது எண்டு தடுத்த தகப்பன். 1846இல் களவாக மணமுடித்து இருவரும் இத்தாலிக்குப் போய்விட்டார்கள். தகப்பன் கடைசிவரை மன்னிக்கவில்லை. 'போர்த்துகீசியத்திலிருந்து சொனெற்றுகள்' என்ற 44 காதல் பாடல்களுக்காகவே இன்று நினைக்கப்படுகிறார். ஆனால் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்த சிறுவர்களுக்காக அவர் 1843இல் எழுதிய கவிதையும், ஒரு பெண் கவிஞரின் வாழ்வைச் செய்யுள் நாவலாக்கிய 'ஓரோரா லீ'யும்தான் என் மதிப்பில் கனமானவை. அவருடைய குடும்பச் செல்வம் ஜமெய்க்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் வந்தது. அதை அறிந்து வெட்கப்பட்டவர், தப்பியோடிய ஓர் அடிமைப் பெண்ணின் வாயில் பேசும் கவிதையையும் எழுதினார்.

மத்தியு ஆர்னோல்ட் (1822–1888) 35 வருஷம் பாடசாலைப் பரிசோதகராக ஊர் ஊராக அலைந்தவர். அந்த உத்தியோகத்தில் கவிதைக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்பது ஆசிரியத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். 'டோவர் பீச்' சிறிய கவிதை. விசுவாசத்தைப் பின்வாங்கிப் போகும் கடலாகக் கண்ட அதைவிட அக்காலத்தின் மனதைச் சொன்ன வேறொன்று இல்லை. 1853இல் வந்த 'ஸொஹ்ராப் அன்ட் ருஸ்தம்' பிர்தௌஸியின் ஷாநாமாவிலிருந்து எடுத்த கதை. ஆர்னோல்டுக்குப் பாரசீகம் தெரியாது. மல்கமின் ஈரான் வரலாறும், ஒரு பிரெஞ்சு மொழிபெயர்ப்பைப் பற்றிய விமர்சனமும்தான் அவருக்குக் கிடைத்த வழி. வாப்பா யாரெண்டு தேடிவரும் மகனை, மகனென்று அறியாமல் வாப்பாவே போர்க்களத்தில் கொல்கிறார். பிர்தௌஸியில் இதற்குப் பின் இன்னொரு கொடுமை இருக்கிறது. காயத்தை ஆற்றும் மருந்து மன்னன் கைகாவூஸிடம் உண்டு, கேட்டும் கொடுக்க மறுக்கிறான். ஆர்னோல்ட் அதை விட்டுவிட்டார். அரசனின் அநியாயம் போய், விதி மட்டும் மிஞ்சுகிறது. இறுதியில் தகப்பனும் பிள்ளையும் மணலில் கிடக்க, ஒக்ஸஸ் நதி இரவில் தன்பாட்டில் ஓடி ஆரல் கடலில் கலக்கிறது. அழகான முடிவு. ஆனால் பிர்தௌஸிக்கு அரசர்கள் மீதிருந்த கோபம் அந்த ஆற்றோடு போய்விட்டது.

இனி அந்த மாணவியின் கேள்வி.

எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1809இல் பிறந்த சஃபோக் செல்வந்தர், டெனிசனின் நண்பர். அவருக்குப் பாரசீகம் படிப்பித்தவர் எட்வர்ட் கவல் என்ற இளைஞர். 1856இல் ஒக்ஸ்போர்ட் போட்லியன் நூலகத்தில் 158 ருபாயீகள் கொண்ட ஒரு கைப்பிரதியைக் கவல் கண்டெடுத்துப் பிரதி செய்து கொடுத்தார். அந்தப் பிரதி ஹிஜ்ரி 865இல் எழுதப்பட்டது. அதாவது கையாம் மறைந்து முந்நூறு வருஷத்துக்குப் பின். கவல் அதே வருஷம் கல்கத்தாவுக்குப் பேராசிரியராகப் போய், அங்கிருந்தும் இன்னொரு பிரதியின் நகலை அனுப்பினார். 1859இல் 75 பாடல்களுடன், பெயர் போடாமல், 250 பிரதிகள் அச்சாகின. ஒருவரும் வாங்கவில்லை. கடைக்காரர் கடைசியில் அவற்றை ஒரு பெனிப் பெட்டியில் போட்டார். அங்கிருந்து விட்லி ஸ்டோக்ஸ் என்பவர் மூலம் கவிஞர் ரோஸெட்டியின் கைக்கு வந்தது, பிறகு சுவின்பேர்னுக்கு. அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. ஸ்டோக்ஸ் 1862இல் சென்னைக்கு வந்து அங்கேயும் ஒரு சிறு பதிப்பை அச்சிட்டார் என்பது பலருக்குத் தெரியாது.

இது மொழிபெயர்ப்பா? 1899இல் எட்வர்ட் ஹெரன் அலன் மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். பின்னைய பதிப்பின் 101 பாடல்களில் 49 தனியொரு பாரசீகப் பாடலைத் தழுவியவை. 44 பல பாடல்களை உடைத்து ஒட்டியவை. மீதியில் அத்தாரின் சாயலும் ஹாபிஸின் சாயலும் உண்டு. மூலத்தில் ருபாயீகள் தனித்தனி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. அவற்றை விடியலில் தொடங்கி நிலவில் முடியும் ஒரு நாளாகக் கோத்தவர் ஃபிட்ஸ்ஜெரால்ட். இந்தப் பாரசீகக் கவிஞர்களிடம் இஷ்டப்படி சுதந்திரம் எடுப்பது தனக்கு ஒரு பொழுதுபோக்கு என்று கவலுக்குக் கடிதமும் எழுதினார், அவர்களுக்குக் கொஞ்சம் கலை ஊட்ட வேண்டியிருக்கிறதாம். அத்தாரையும் ஜாமியையும் வாசித்த ஒருவர் இப்படி எழுதியதை முதன்முதல் படித்த அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் முழுதாகப் போகவில்லை.

நிஷாப்பூரில் பிறந்த உண்மையான கையாம் (1048–1131) மலிக் ஷாவின் காலத்தில் ஜலாலி நாட்காட்டியை அமைத்த குழுவில் இருந்தவர், முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வெட்டுகளால் தீர்த்தவர். அவரை நேரில் கண்ட நிஸாமீ அரூளி தன் நூலில் அவரை வைத்தது கவிஞர் வரிசையில் அல்ல, சோதிட வானியலாளர் வரிசையில். இப்னு ஸீனாவின் 'ஷிஃபா'வை வாசித்துக்கொண்டிருந்துவிட்டு, தொழுது, மன்னிப்புக் கேட்டு துஆச் செய்தபடி மௌத்தானதாக பைஹகீ எழுதிவைத்திருக்கிறார். இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பட்சபாதம். 13ஆம் நூற்றாண்டில் நஜ்முத்தீன் ராஸீ என்ற சூபி, கையாமின் இரண்டு பாடல்களை எடுத்துக்காட்டி அவர் வழிதவறியவர் என்று கண்டித்திருக்கிறார். ஆக, சந்தேகம் கேட்கும் குரல் முழுக்க ஃபிட்ஸ்ஜெரால்ட் உண்டாக்கியதல்ல. எந்தப் பாடல் கையாமுடையது எது பிறருடையது என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. ஆங்கிலப் புத்தகத்தில் இருப்பவர் டார்வின் நூல் வந்த அதே வருஷத்து இங்கிலாந்தின் மனிதர். பாதிரியிடம் கேட்க முடியாததை ஒரு பாரசீக முஸ்லிமின் வாயால் கேட்டுக்கொண்டார்கள். கவிமணி தமிழாக்கியது இந்த ஆங்கிலக் கையாமைத்தான். நம் காத்தான்குடி அப்துல் காதர் லெப்பை ருபாயீகளைத் தமிழில் தந்ததை வாசிப்பவர்களும் இந்த வேறுபாட்டை மனதில் வைத்து வாசித்தால் நல்லது.

மற்றவர்களைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். கிறிஸ்டினா ரோஸெட்டியின் 'கொப்ளின் மார்க்கெட்' (1862) பிள்ளைகளின் கதை போலத் தொடங்கி வேறெங்கோ போகும். ஜெராட் மான்லி ஹொப்கின்ஸ் கத்தோலிக்கத் துறவி, 1889இல் இறந்தார். பாடல்கள் 1918இல்தான் நூலாயின. தனிக் கட்டுரைக்கு உரியவர். எட்வின் ஆர்னோல்ட் புத்தரைப் பாடிய 'லைட் ஒஃப் ஏசியா'வால் (1879) நம் நாட்டிலும் பெயர் பெற்றவர். அல்லாஹ்வின் 99 திருநாமங்களுக்கும் ஒவ்வொரு பாடல் எழுதி ஒரு நூல் செய்ததை நம்மவர் அதிகம் அறியார். நல்லெண்ணம் மிக்க நூல், கவிதை சுமார்தான்.

கடைசியாக, எனக்கு மனசில் உறுத்தும் ஒரு விஷயம். டெனிசன் 1885இல் ஜெனரல் ஹம்லிக்கு ஒரு கவிதை எழுதினார். ஹம்லி 1882இல் எகிப்தில் தெல் அல் கபீர் சண்டையில் ஒரு படைப்பிரிவை நடத்தியவர். வுல்ஸ்லி அறாபியை வீழ்த்திய அந்த விடியற்காலையை, நட்சத்திரங்கள் மங்கப் புகழ் வளர்ந்த நேரமாக அந்தக் கவிதை பாடி முடிகிறது. அந்த அறாபி வேறு யாருமல்ல, நம் அறாபி பாஷா! 1883 ஜனவரியில் கொழும்பில் இறக்கப்பட்டு, 1901 வரை இந்த மண்ணில் இருந்து, சித்திலெப்பையோடு நம் பிள்ளைகளின் கல்விக்குத் தோள்கொடுத்தவர். டெனிசன் அந்தப் பாட்டை வெளியிட்டபோது அறாபி இங்கேதான் இருந்தார்.

அதே சண்டையைப் பற்றி இன்னொரு ஆங்கிலக் கவிஞரும் எழுதினார். வில்பிரிட் ஸ்கோவென் பிளண்ட் (1840–1922), பைரனின் பேத்தியை மணந்தவர், அரபுக் குதிரை வளர்த்தவர். அறாபிக்கு மரண தண்டனை விதிக்கப்படும் என்று பயந்து, தன் சொந்தக் காசில் சட்டத்தரணி பிறோட்லியைக் கெய்ரோவுக்கு அனுப்பினார். தண்டனை நாடுகடத்தலாக மாறியதில் அந்த வாதாட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. எகிப்தில் தன் நாடு செய்தது அநியாயம் என்று 1883இல் 'தி விண்ட் அன்ட் த வேர்ல்விண்ட்' என்ற நீண்ட கவிதையை வெளியிட்டார். அந்த வருஷமே இந்தியாவுக்குப் போகும் வழியில் இலங்கையில் இறங்கி அறாபியைக் கண்டார். கவித்திறனில் பிளண்ட் டெனிசனுக்குக் கிட்டவும் வரமாட்டார். பாடத்திட்டங்களிலும் அவர் பெயர் இல்லை.

'இன் மெமோரியம்' இன்றும் என் தலைமாட்டில் இருக்கிறது. ஹம்லிக்கு எழுதிய அந்தப் பாட்டையும் வகுப்பில் பிரதி எடுத்துக் கொடுத்து, அறாபி பாஷா கண்டியில் வாழ்ந்த வீட்டைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மாணவியும் வந்திருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் வந்து, "சேர், பிளண்ட்ட புத்தகம் எங்க எடுக்கலாம்?" எண்டு கேட்டாள்.